யாரு சொன்னாங்க?

தெல்தெனிய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பின்னேரத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு நடிகரின் வீட்டுக்குள்தான் போய் நிற்கும். "அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்களாம் தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், பிளேன்டீ ஆறிப்போகும் வரைக்கும் அதே கதைதான். அந்த நடிகர் சென்னையில் இருக்கிறார். எங்களில் ஒருத்தரையும் அவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் யார் பிரிந்தால் எங்களுக்கு என்ன? ஆனாலும் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்புது. ஏன்?

இது போன் வந்த பிறகு வந்த வியாதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. சங்க இலக்கியத்தில் இதற்கென்றே இரண்டு சொற்கள் உண்டு. காதலர் இருவரைப் பற்றிச் சிலர் மட்டும் தங்களுக்குள் முணுமுணுத்தால் அது அம்பல். ஊர் முழுக்கப் பரவிவிட்டால் அது அலர். மொட்டு, மலர் மாதிரி வதந்திக்கும் படிநிலை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். திருக்குறள் புறங்கூறாமைக்கு ஒரு அதிகாரம் கொடுத்து அதைக் கண்டிக்கிறது. அதே நூலின் இன்பத்துப்பாலில், ஊர் பேசப் பேசக் காதல் வளர்கிறது என்று சொல்ல இன்னொரு அதிகாரம் இருக்கிறது. ஊர்ப்பேச்சு கெட்டது, ஆனால் அது இல்லாமலும் முடியாது என்ற இரண்டு உண்மையும் நம்ம ஆட்களுக்கு அப்போதே தெரியும்.

மானிடவியல் ஆய்வாளர் ராபின் டன்பார் 1996இல் எழுதிய நூலில் ஒரு விளக்கம் தருகிறார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. மனிதக் கூட்டம் பெரிதானபோது எல்லாருக்கும் பேன் பார்க்க நேரமில்லை, அந்த இடத்துக்குப் பேச்சு வந்தது. யாரை நம்பலாம், யார் ஏமாற்றுவார் என்பதை நாம் அடுத்தவர் கதையிலிருந்துதான் கற்றோம். தெரியாத நடிகர் இதற்குள் எப்படி வந்தார்? 1956இல் ஹோர்டன், வோல் என்ற இருவர் தொலைக்காட்சி பார்ப்பவர்களைப் பற்றி எழுதினார்கள். திரையில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் முகத்தை மனசு சொந்தக்காரர் முகமாகவே எடுத்துக்கொள்கிறது என்பது அதன் சாரம். அவரை நமக்குத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஒருவழி உறவு.

எங்கள் டீக்கடையைப் பார்த்து நாங்கள் இன்னொரு காரணத்தையும் சேர்ப்போம். பக்கத்து லயத்து அக்காவைப் பற்றிப் பேசினால் நாளைக்கு அவர் முகத்தில் முழிக்க வேண்டும். நடிகையைப் பற்றிப் பேசினால் அந்தப் பயம் இல்லை. காதல், கல்யாணம், குடி, துரோகம் என்று நம் வீட்டில் வாய் திறந்து பேச முடியாததை எல்லாம் அவர் பெயரை வைத்துப் பேசிவிடுகிறோம். பெண் தனியாக வாழலாமா, விவாகரத்து செய்யலாமா என்ற விவாதமெல்லாம் எங்கள் கூட்டத்தில் ஒரு நடிகையின் பெயரில்தான் நடந்திருக்கிறது. அதில் நல்லதும் உண்டு. ஆனால் சங்ககாலத்து அலர் போலவே இன்றைக்கும் பேச்சின் பாரம் பெண் தலையில்தான் அதிகம் விழுகிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பேசுகிறோம், சிரிக்கிறோம், கலைகிறோம். இதில் யாருக்கு என்ன நட்டம்? இந்தக் கேள்விக்குத் தமிழ் சினிமா வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது.

1943இல் சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஏற்கெனவே மோசடி வழக்கில் தண்டனை அனுபவித்தவர். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் அவருடைய சரக்கு. பத்திரிகை சுடச்சுட விற்றது. எழுதாமல் இருப்பதற்கும் சிலர் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்போது தமிழ் சினிமாவின் உச்சத்தில் இருந்த எம். கே. தியாகராஜ பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், ஸ்டூடியோ முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் உரிமம் இரத்தானது. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையை வாங்கி அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். அடுத்த நாள் பொது மருத்துவமனையில் இறந்துபோனார். பாகவதர், கிருஷ்ணன், நாயுடு மூவரும் கைதானார்கள். 1945இல் நாயுடு விடுதலை ஆனார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. அந்த நேரம் பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த படம், மூன்று தீபாவளி கண்டது. திரையில் நாயகன் பாடிக்கொண்டிருந்தார், நிஜத்தில் ஜெயிலில் இருந்தார். ஊருக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கிருந்து திரும்பி வந்த மேன்முறையீட்டை மறுபடியும் விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. கிருஷ்ணன் மறுபடி சினிமாவில் எழுந்து நின்றார். பாகவதரால் முடியவில்லை. பிறகு நடித்த படங்கள் ஓடவில்லை. 1959 நவம்பர் 1ஆம் திகதி இறந்தார். லட்சுமிகாந்தனை உண்மையில் கொன்றது யார் என்பது இன்றுவரை புதிர்.

இந்தக் கதையில் எங்களை நிற்கவைப்பது ஒரு விஷயம். லட்சுமிகாந்தன் கெட்டவர், பாகவதர் பாவம் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. ஆனால் அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியது யார்? 'ஹரிதாஸ்' பார்க்க வரிசையில் நின்ற அதே ஜனம்தானே. எழுதியவர் ஒருவர், வாசித்தவர்கள் ஆயிரம் பேர். வழக்கில் வாசகர் பெயர் மட்டும் எங்கேயும் வரவில்லை.

இதை நாங்கள் சென்னைக் கதையாகச் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. தெல்தெனியவிலிருந்து மஹியங்கனைப் பக்கம் ஏறினால் மெதமஹாநுவர வரும். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது அந்தப் பகுதியில்தான். கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து பதினெட்டு வயதில் அரியணை ஏறிய நாயக்க வம்சத்து இளைஞன். அவனைப் பற்றிய கதைகளைப் பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலி ஒற்றர்கள் மூலம் சேர்த்துக்கொண்டே இருந்தார். எஹலேபொலவின் குடும்பத்தை அரசன் 1814இல் கொல்லவைத்தான் என்பது வரலாறு. ஆனால் தாயின் கையாலேயே பிள்ளையின் தலையை உரலில் இடிக்கவைத்தான் என்று நாம் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்த பகுதியை கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூலில் கேள்விக்கு உட்படுத்துகிறார். அரசனை அரக்கனாக்கிய கதைகளால் யாருக்கு இலாபம் என்று பார்க்கச் சொல்கிறார். ஒரு மனிதனைப் பற்றிய பேச்சு ஒரு நாட்டையே கைமாற்ற உதவியது.

அடுத்தது, நாங்கள் கண்ணால் பார்த்தது. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று வதந்தி கிளம்பியது. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அதே நாட்களில் தெல்தெனியவில் தெருத் தகராறில் தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி மார்ச் ஆரம்பத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தின் மேல் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் கதை மேல் கதை ஏறியது. திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது, சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. தங்கள் தளம் அதில் வகித்த பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

நடிகர் கிசுகிசுவும் கலவரமும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லை. ஆனால் இரண்டும் ஒரே வாய்க்காலில் ஓடுகிற தண்ணி. "ஆம்" என்று முடிகிற வசனத்தை யோசிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் பழக்கம் எங்களுக்கு நடிகர் கதையில்தான் பழகியது. "பிரிஞ்சிட்டாங்களாம்" என்று தள்ளிய அதே விரல்தான் "கலந்துட்டாங்களாம்" என்பதையும் தள்ளியது.

கிசுகிசுவை நிறுத்துங்கள் என்று நாங்கள் உபதேசம் செய்யப்போவதில்லை. நாங்களே நிறுத்தமாட்டோம். ஆனால் எங்கள் மேசையில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. யாராவது "...ஆம்" என்று முடித்தால் மற்றவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "யாரு சொன்னாங்க?" பாதிக் கதைகள் அந்த இடத்திலேயே செத்துப்போகின்றன. மிச்சத்தைப் பேசிச் சிரித்துக்கொண்டே டீ குடிக்கிறோம்.