வெண்குழியத்தின் மூச்சு: ஓர் அளவீட்டின் வரலாறு

மனித உடலைக் காக்கும் வெண்குழியமானது நுண்ணங்கியொன்றை விழுங்கும்போது எவ்வளவு ஒட்சிசனைச் செலவிடுகின்றது என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு வெறும் ஆய்வுகூடக் கணக்காகவே தோன்றும். ஆயினும், அவ்வினாவின் வரலாற்றை ஆராயுமிடத்து, சரியாக அளக்கப்பெற்ற ஓர் எண் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டு வந்தமை புலனாகும். அளவுகருவி எண்ணைத் தரும். அவ்வெண் எதற்கானது என்பதை அது கூறுவதில்லை.

சில கலங்கள் அந்நியப் பொருள்களைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்பதை எலி மெச்னிக்கோவ் 1882இல் சிசிலித் தீவின் மெசீனா நகரில் நட்சத்திரமீன் குடம்பிகளிற் கண்டார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் கழிந்தே அவ்விழுங்கலின்போது நிகழும் சுவாசம் அளக்கப்பட்டது. 1933இல் போல்ட்ரிட்ஜ், ஜெராட் ஆகிய இருவரும் நாயின் வெண்குழியங்களைப் பற்றீரியாக்களுடன் கலந்து, அவற்றின் ஒட்சிசன் நுகர்வு திடீரென உயர்வதைக் கண்டனர். அவர்கள் காலத்தில் இத்தகைய ஆய்வுகளுக்கு உதவியது ஓட்டோ வாபேர்க்கின் பெயரால் வழங்கும் மனோமானியாகும். மூடிய குடுவையில் வெளிவரும் காபனீரொட்சைட்டைக் காரம் உறிஞ்சிவிட, ஒட்சிசன் குறையக் குறைய அமுக்கம் வீழும். குழாயில் உள்ள திரவ நிரலின் நகர்வே அளவு. எண்ணற்ற கலங்களும் பொறுமையும் அதற்கு வேண்டும்.

மேலதிக மூச்சு, விழுங்கும் வேலைக்கான சத்தியைத் தருகின்றது என அவர்கள் கருதினர். ஓடுபவனுக்கு மூச்சு வாங்குமன்றோ? இயல்பான ஊகந்தான், ஆனால் பிழையானது. 1959இல் ஸ்பாரா, கார்னொவ்ஸ்கி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயத்திற்கிடமின்றி உணர்த்திற்று. வெல்லச் சிதைவைத் தடுத்தபோது விழுங்கல் நின்றது; சுவாசத்தைத் தடுத்தபோதோ விழுங்கல் நிற்கவில்லை. இழைமணிகளின் சுவாசத்தை முடக்கும் சயனைட்டினாலும் அம்மேலதிக நுகர்வு அடங்கவில்லை. அவ்வாறாயின் அந்த ஒட்சிசன் எங்கே போகின்றது? 1961இல் குவாஸ்டலும் உடனாய்வாளரும் விடையின் முதற்பகுதியைக் கண்டனர்: அது ஐதரசன் பேரொட்சைட்டாக மாறுகின்றது. வெண்குழியம் மூச்செடுப்பது உழைப்பதற்கன்று, நஞ்சு காய்ச்சுதற்கே.

இக்காலத்தில் அளவீட்டு முறையும் மாறிக்கொண்டிருந்தது. 1922இல் பிராக் நகரில் யரோஸ்லாவ் ஹெய்ரொவ்ஸ்கி, துளித்துளியாக வீழும் இரசத்தை மின்வாயாகக் கொண்டு கரைசல்களை ஆராயும் முறையை உருவாக்கினார். அம்முறையாளருக்குக் கரைந்துள்ள ஒட்சிசன் ஓர் இடையூறு. நைதரசன் போன்ற வாயுவைக் குமிழியிட்டு அதனை வெளியேற்றிய பின்னரே அவர்கள் அளந்தனர். ஒருவர் துரத்தியதை மற்றொருவர் தேடுவது விஞ்ஞான வரலாற்றில் அருமையன்று. 1954இல் ஒகையோ மாநிலத்தின் அன்ரியொக் கல்லூரியைச் சேர்ந்த லீலண்ட் கிளாக், பிளாற்றின மின்வாயையும் அதன் துணை மின்வாயையும் ஒரே பொலித்தீன் மென்சவ்வுக்குள் அடக்கினார். குருதியிலுள்ள புரதங்கள் மின்வாயை அணுகா. ஒட்சிசன் மாத்திரம் மென்சவ்வினூடு புகுந்து இலத்திரன்களைப் பெறும். மின்னோட்டம் அதன் செறிவுக்கு விகிதசமமாகும். குருதிக்காகப் பிறந்த இம்மின்வாய் விரைவிற் கலத்தொங்கல்களுக்கும் பயன்பட்டது. மனோமானி நெடுநேரத்திற் காட்டியதை இது நிமிடத்திற்குள் காட்டிற்று. இம்மேலதிக நுகர்வு பின்னர் சுவாச வெடிப்பு எனப் பெயர் பெற்றது.

அவ்வெடிப்பின் பொருளை முற்றாக விளக்கியது கருவியன்று, நோயேயாகும். 1957இல் மினசோற்றாவில் பெரன்டீஸ், பிரிட்ஜஸ், குட் ஆகியோர் ஆண் குழந்தைகளிற் கண்ட ஒரு கொடுநோயை விவரித்தனர். ஓயாத சீழ்க்கட்டிகள், பெரும்பாலும் மரணம். பத்தாண்டுகளின் பின், 1967இல், அந்நோயாளரின் வெண்குழியங்கள் பற்றீரியாவை இயல்பாகவே விழுங்குகின்றன, ஆயின் சுவாச வெடிப்பு நிகழ்வதில்லை, விழுங்கப்பட்ட ஸ்ரபிலோகொக்கசு உயிரோடிருக்கின்றது என்பன வெளிப்பட்டன. தாமே பேரொட்சைட்டை உண்டாக்கும் ஸ்ரெப்ரொகொக்கசு போன்றவற்றையோ அவை கொன்றன. பகைவன் கொணர்ந்த வாளே அவனை வீழ்த்திற்று எனலாம். 1973இல் பேபியரும் உடனாய்வாளரும் அவ்வெடிப்பின் முதல் விளைவு சுப்பரொட்சைட்டு எனக் காட்டினர்.

இனி, இந்நோயின் பெரும்பான்மை வடிவம் எக்சு நிறமூர்த்தத்தைச் சார்ந்தது. நோயுற்ற மகனின் தாயிடமிருந்து பெற்ற வெண்குழியங்களைக் கிளாக் மின்வாயுள்ள பாத்திரத்திலிட்டால், இடைப்பட்டதோர் அளவு கிடைக்கலாம். அதனைக் கொண்டு, அவளுடைய ஒவ்வொரு கலமும் அரைகுறையாக மூச்செடுக்கின்றது என முடிவு செய்தல் எவ்வளவு எளிது! உண்மை வேறு. அவளுடைய கலங்களுட் சில முழுமையாக மூச்செடுப்பன. ஏனையவை அம்மேலதிக மூச்சை எடுக்கவே மாட்டா. ஒவ்வொரு கலத்திலும் இரு எக்சு நிறமூர்த்தங்களுள் ஒன்றே தொழிற்படுதல் இதன் காரணம். 1967இல் வின்ட்ஹோர்ஸ்ற், ஹோம்ஸ், குட் ஆகியோர், தொழிற்படும் கலத்தில் நீலமாக மாறும் மஞ்சட் சாயமொன்றின் துணையால் இவ்விரு கூட்டங்களையும் பிரித்துக் காட்டினர். சராசரி என்பது இருப்பதை மறைத்து இல்லாததைக் காட்டவும் வல்லது.

சாயம் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். தனிக்கலம் எவ்வளவு ஒட்சிசனை எவ்வேகத்தில் எடுத்தது என்று சொல்லாது. அதனை அறியவும் மின்வாயே உதவிற்று, ஆயின் மிகச் சிறுத்து. 1989இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அலன் பாட்டும் உடனாய்வாளரும் மின்னிரசாயன வருடல் நுணுக்குக்காட்டியை அறிமுகஞ் செய்தனர். சில மைக்கிரோன் அகலமே உள்ள மின்வாய் முனை, உயிருள்ள கலத்தின் மேலாக, அதனைத் தொடாது நகரும். கலம் ஒட்சிசனை உறிஞ்சுமிடத்து மின்னோட்டம் தாழும். புள்ளி புள்ளியாகப் பதியும் அத்தாழ்வுகளே படமாகின்றன. கலத்திலிருந்து விலக விலகச் செறிவு உயரும் வீதத்தைப் பரவற் குணகத்தோடு சேர்த்துக் கணித்தால் தனிக்கலத்தின் நுகர்வு கிடைக்கும். ஜப்பானின் செண்டாய் நகரில் மட்சுவேயும் குழுவினரும் 1990களில் இம்முறையைத் தனிக்கலச் சுவாசத்திற்குப் பயன்படுத்தினர். பாரிசில் அமற்றோரின் குழுவினர் காபன் நார் மின்வாயைத் தனித் தின்குழியத்தின் மேல் நிறுத்தி, அது வெளியிடும் பேரொட்சைட்டு முதலியவற்றை அளந்தனர்.

இம்முறைக்கும் இடர்கள் உள. முனை வருடி முடிப்பதற்குள் வெடிப்பே அடங்கிவிடக்கூடும். ஊர்ந்து செல்லும் வெண்குழியம் படத்திற்கு அடங்கி நிற்பதுமில்லை. எனவே விரைவான நிகழ்ச்சிகளை ஆராய்வோர் படத்தைக் கைவிட்டு, முனையை ஒரே கலத்தின் மேல் நிறுத்தி, மின்னோட்டம் நேரத்துடன் மாறுவதைப் பதிவு செய்தலே தக்கது. அன்றியும், முனைதானும் ஒட்சிசனை உண்கின்றது. மிக நெருங்கினால் அது கலத்தோடு போட்டியிட்டு, தான் அளக்க வந்ததையே குறைத்துவிடும். பெறப்பட்ட எண் இழைமணியின் மூச்சா, நஞ்சு காய்ச்சும் நொதியத்தின் மூச்சா என்பதை மின்வாய் இன்றும் பிரித்தறிவதில்லை. அதற்கு ஆய்வாளர் 1959இற் பயன்பட்ட அதே உபாயத்தையே நாடவேண்டியுள்ளது: சிறிது சயனைட்டை இட்டு, மின்னோட்டம் மீளுகின்றதா என்று பார்த்திருத்தல்.