துண்டுச் சீட்டு முதல் தரவுச் சட்டம் வரை

ஒருவனைப் பற்றிய விவரம் அவனுக்குரியதோ, அதனை எழுதி வைத்திருப்பவனுக்குரியதோ என்னும் வினா கணினியுடன் பிறந்ததென்றே பலரும் கருதுவர். கண்டியைச் சூழ்ந்த மலைகளின் வரலாற்றை அறிந்தார்க்கு அவ்வாறு தோன்றாது. கடல் கடந்து வந்த தொழிலாளரின் பெயரும் கடனும் ஏட்டிலேறிக் கைமாறிய வரலாறு இங்கு நூறாண்டுக்கும் மேற்பட்டது.

தோட்டத்துரைமார் 1854இல் தம் சங்கத்தைக் கண்டி நகரிலேயே நிறுவினர். அக்காலத்துப் பயிர் கோப்பி. தேயிலை பின்னர் வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தோர் கங்காணிமார். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளர் தலையிற் கடனாக ஏறின. இக்கடனிலிருந்து கிளைத்ததே 'துண்டு' என்னும் சீட்டு. இன்ன கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடன் இவ்வளவு, அது தீர்க்கப்படின் அவர்களை விடுவிப்போம் எனத் துரை அதில் எழுதிக் கையொப்பமிடுவார். கங்காணி அதனை வேறொரு தோட்டத்திற் காட்டுவார். அத்தோட்டத்தார் பணங்கொடுத்து ஆட்களைப் பெறுவர். ஆள் தட்டுப்பாடு மிகுந்த காலங்களில் துண்டின் தொகையும் உயர்ந்தது. உயர்ந்த தொகை யாருடைய கணக்கில் ஏறிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தன் பெயரில் எழுதப்பட்ட தொகை இன்னதென அறியாமலே தொழிலாளி தோட்டம் மாறினான். மனிதனைப் பற்றிய விவரமே விலைபொருளாயிற்று எனில் அது மிகையன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரவில்லை முறை புகுந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த அவ்வில்லையைக் கொண்டு வருவோரின் வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கிற் சேரும். துண்டு முறையோ நெடுங்காலம் நீடித்து, 1921இலேதான் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

இதன் பின் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. ஏட்டினாற் கட்டுண்டவனின் பிள்ளைகள் ஏடின்மையால் அல்லலுற்றனர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன் இடையறாது பத்தாண்டு, மணமானோராயின் ஏழாண்டு, இங்கு வதிந்தமைக்குச் சான்று கேட்டது. ஆனால் தோட்டத்திற் பேர் பதிந்த செக்றோல் இருந்ததோ துரையின் அலுவலகத்தில்! ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. எஞ்சியோரின் தலைவிதியை 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாற் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மீந்த 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் கருத்து யாராலுங் கேட்கப்படவில்லை.

இப்பின்னணியிலேயே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை யாம் நோக்குதல் வேண்டும். தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டறியவும், பிழையிருப்பின் திருத்துவிக்கவும் அது ஒருவனுக்கு உரிமை வழங்குகின்றது. செக்றோற் காலத்தில் இல்லாதது இதுவே. அரச நிறுவனங்கள் தம்மிடமுள்ள தரவுகளைப் பொதுவாக இலங்கையிலேயே கையாளுதல் வேண்டுமென்பது, சட்டம் இயற்றப்பட்டபோது அதன் 26ஆம் பிரிவு விதித்த நெறி. வணிகமோ வேறு திசையில் இழுக்கின்றது. 2018இற் சிங்கப்பூருடன் செய்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையிலேயே மின்வணிகத்துக்கெனத் தனி ஏற்பாடுகள் உள. தரவு எல்லை கடவாமல் இத்தகு வணிகம் நடத்தல் அரிது. சட்டமும் உடனே முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 யூலையிற் செயற்படலாயிற்று.

கைரேகையும் கண்ணின் கருவிழியும் பதியும் எண்முறை அடையாளத் திட்டமொன்றும் இதனுடன் தொடங்கிற்று. அதற்கு நிதியுதவி வழங்க இந்தியா உடன்பட்டது 2022 மார்ச்சில், இலங்கைத் தரவுச் சட்டம் நிறைவேறிய அதே மாதத்தில். தகரவில்லையின் வழியே மறுபடியும் ஓர் எண் கடல் கடந்து வருகின்றதெனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை யான் முற்றாக ஏற்கேன். எனினும் அதனைத் தோட்டத்து மக்களிடம் நகைத்துத் தள்ள எவர்க்கும் உரிமையில்லை. இந்தியா தனக்கென எண்முறைத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது அதற்கடுத்த ஆண்டு, 2023இலேயே.