கண்டலும் முத்தும்: ஒரு பங்குக் கணக்கு

புன்னைக்காயல் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு அண்டிரிக் அடிகளாரும், 1586இல் அவ்வூரில் அச்சேறியதாகக் கருதப்படும் 'அடியார் வரலாறு' நூலும் நினைவில் எழுவது இயல்பு. நாங்களும் மாணவர்களுடன் அந்நூலின் தடம் தேடியே சென்றோம். ஆனால் தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் வள்ளத்தில் ஏறியபின் பேச்சு நூலை விட்டுக் கண்டல் மரங்களுக்குத் தாவிவிட்டது. வள்ளம் செலுத்திய பெரியவர், "இந்தக் கண்டலுக்கு வெளிநாட்டுக்காரன் துட்டு குடுப்பானாமே, அது யாரு கையில வரும் சார்?" என்றார். அப்போது எங்களிடம் விடை இல்லை. இக்கட்டுரை அக்கேள்விக்குக் கடன்பட்டது.

கண்டல் நமக்குப் புதிதன்று. நெய்தல் பாடிய சங்கப் புலவர் அதனை நன்கறிவர். தில்லை என்னும் ஊர்ப்பெயரே உப்பங்கழி மரமொன்றின் பெயர்தான். அத்தில்லைக்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் முதல் வனத்துறை காட்டைக் கூறுகூறாகப் பிரித்து முற்றாக வெட்டியெடுத்து வந்தது. விடுதலைக்குப் பின்னும் அம்முறை தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பேறியது. கண்டல் மீண்டும் முளைக்கவில்லை. பழியோ நெடுங்காலம் விறகு பொறுக்கிய, ஆடுமாடு மேய்த்த கரையோர மக்கள் மீதே விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மைக் காரணத்தைக் கண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து வடியச் செய்து, ஊர்மக்களையும் வனத்துறையையும் ஒன்றாக அமர்த்திக் காட்டை மீட்டனர். அதில் கரிம வணிகம் ஏதும் இல்லை. எனினும் ஊரைச் சேர்த்துக்கொண்டால் காடு பிழைக்கும் என்பதற்கு அது தமிழ்நாட்டுச் சான்று.

இனி, துட்டுக்கு வருவோம். கரிம வரவு, அதாவது கார்பன் கிரெடிட், ஒன்று என்பது ஒரு டன் கரியமிலவாயுவைக் காற்றில் சேராமல் தடுத்ததற்கான, அல்லது காற்றிலிருந்து ஈர்த்ததற்கான சீட்டு. புகை கக்கும் நிறுவனங்கள் அதனை விலைக்கு வாங்கித் தம் கணக்கை நேர் செய்துகொள்கின்றன. இந்தியாவில் ஊர்ச்சமூகம் தன் காட்டைக் காத்து இச்சீட்டை விற்ற முன்னோடி முயற்சி மேகாலயத்தின் காசி மலையில் 2011இல் தொடங்கியது. மாவ்பிலாங் புனிதச் சோலையைச் சூழ்ந்த உமியாம் ஆற்றுப் பகுதியில், 'ஹிமா' எனப்படும் மரபுவழி ஆட்சிப் பிரிவுகள் 10 சேர்ந்து, 62 சிற்றூர்களும் சுமார் 27,000 ஹெக்டேர் பரப்பும் அடங்கிய திட்டத்தை நடத்தின. தீத்தடுப்புக் கோடுகள் வெட்டினர். விறகைக் குறைக்கும் அடுப்புகள் அமைத்தனர். தாமே முளைத்த கன்றுகளைப் பேணினர். அங்கே ஒரு வசதி உண்டு. ஆறாம் அட்டவணையின் கீழ் வரும் அம்மலைகளில் காடு பெரும்பாலும் குலத்துக்கும் ஊருக்கும் உரியது. விற்கும் உரிமை யாருடையது என்ற வழக்கு எளிதில் எழுவதில்லை.

நம் கரையின் நிலை வேறு. இங்கே கண்டல் நிற்கும் சேறு பெரிதும் அரசுடையது. இதற்கு நெருங்கிய ஒப்புமை கென்யாவின் காஸி விரிகுடா. அங்கும் கண்டல் அரசுக்கே சொந்தம். ஆயினும் வனத்துறையோடு உடன்படிக்கை செய்துகொண்ட மீனவச் சிற்றூர்கள், 117 ஹெக்டேர் கண்டலைக் காத்து, 'மிக்கோக்கோ பமோஜா' என்ற பெயரில் 2013 முதல் கரிம வரவு விற்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டன். பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் செல்கிறது. காசி மலைக்கும் காஸி விரிகுடாவுக்கும் சான்று வழங்கிய 'பிளான் விவோ' நெறிமுறை, விற்ற பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு ஊர்ச்சமூகத்தைச் சேர வேண்டும் என்கிறது.

இந்த 60 என்னும் எண் எங்களுக்கு வேறொரு கணக்கை நினைவூட்டியது. நூறாண்டுக்கு முன் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் முத்துச் சலாபம் நடந்தபோது, நம் கரையிலிருந்து சென்ற பரதவரும் கீழக்கரையாரும் மூழ்கியெடுத்த சிப்பிகளை 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குள் கொண்டுசெல்வர். அங்கே மூழ்கியவர்களே அவற்றை மூன்று குவியலாக்க வேண்டும். அரசு அலுவலர் வந்து தம் விருப்பப்படி இரண்டைச் சுட்டுவார். எஞ்சிய ஒன்று மூழ்கியவர்க்கு. எக்குவியல் அரசுக்குப் போகும் என்று தெரியாததால் மூன்றும் சமமாகவே இருக்கும். நுட்பமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் மூச்சடக்கியவனுக்கு மூன்றில் ஒன்றுதான். நம் தூத்துக்குடிக் கரையின் சலாபமும் 1961ஓடு ஓய்ந்தது.

சிப்பியைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். கரிமத்தை எண்ணுவது அவ்வளவு எளிதன்று. காடு அழியவிருந்தது, அதனைத் தடுத்தோம் என்று காட்டினாலோ, இல்லாத காட்டை வளர்த்தோம் என்று காட்டினாலோதான் சீட்டு கிடைக்கும். தலைமுறைகளாக வெட்டாமல் காத்த ஊருக்கு இதில் இடம் குறைவு. இது எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 'அழியவிருந்தது' என்பதைப் பெருக்கிக் காட்டி மிகுதியாகச் சீட்டு எழுதிய திட்டங்கள் உலகில் பல என்று 2023இல் இதழாளர்கள் எழுதினர். அதே ஆண்டில்தான் இந்திய அரசும் கரிம வரவு வணிகத் திட்டத்தை அறிவிக்கை செய்தது.

வள்ளக்காரப் பெரியவரிடம் இவற்றை மறுமுறை சென்றபோது சொன்னோம். காஸி விரிகுடாவைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. மூன்று குவியல் கதையைத்தான் இருமுறை சொல்லச் சொன்னார். தம் பாட்டனார் சலாபத்துக்குப் போனவர் என்றார்.