நவீன உடையில் பழைய நாடகங்கள்: வசனம் மாறாத திரைப்படங்கள்

பழைய நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவரும் வழிகளில் ஒன்று, கதையை இன்றைய நகரத்தில் நடக்கவிட்டு, வசனத்தை மட்டும் நாடகாசிரியர் எழுதியபடி விட்டுவைப்பது. படத்தில் கார், துப்பாக்கி, தொலைக்காட்சி, கணினி எல்லாம் இருக்கும். பாத்திரங்கள் பேசுவதோ 400 ஆண்டுகளுக்கு முந்தைய மொழி. இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவை ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலிருந்து பிறந்தவை. கதையை எடுத்துக்கொண்டு வசனத்தைப் புதிதாக எழுதிய படங்கள் வேறு இனம். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961), விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ (2003), ‘ஓம்காரா’ (2006) ஆகியவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. வசனத்தை மாற்றாத படங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வாளும் அரசனும் தூதனும் நிறைந்த வசனத்தை, அவை எதுவும் இல்லாத உலகத்தில் பொருந்தவைக்கும் வேலை அவற்றுக்கு எப்போதும் உண்டு. அந்த வேலைக்குக் கண்டுபிடிக்கப்பட்ட உத்திகளின் வரலாறே இவ்வகைப் படங்களின் வரலாறு.

மேடையில் தொடங்கிய வழக்கம்

நடிகர்கள் தங்கள் காலத்து உடையிலேயே பழங்கதையை நடிப்பது புதுமையல்ல. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதுதான் நடைமுறை. இங்கிலாந்தின் லாங்லீட் மாளிகையில் உள்ள ஒரு கையெழுத்துத் தாளில் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ நாடகக் காட்சி ஒன்று கோட்டோவியமாக வரையப்பட்டிருக்கிறது. 1590களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்த ஓவியத்தில், நடுவில் நிற்கும் டைட்டஸ் ரோமானியப் பாணியில் ஒரு போர்வையை உடலில் சுற்றியிருக்கிறான். அவன் பின்னால் நிற்கும் வீரர்களோ எலிசபெத் காலத்து இங்கிலாந்துச் சிப்பாய்களின் உடையில் இருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் டேவிட் கேரிக் மெக்பெத்தாக மேடையேறியபோதும் தம் காலத்து ராணுவ அதிகாரியின் உடையையே அணிந்தார்.

வரலாற்றுக்குப் பொருந்தும் உடை வேண்டும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 1823இல் சார்லஸ் கெம்பிள் மேடையேற்றிய ‘கிங் ஜான்’ நாடகத்துக்கு ஜே. ஆர். பிளான்ஷே பழைய கல்லறைச் சிற்பங்களையும் முத்திரைகளையும் ஆராய்ந்து உடைகளை வடிவமைத்தார். 1850களில் சார்லஸ் கீன் லண்டன் பிரின்சஸ் அரங்கில் இதை இன்னும் விரிவாகச் செய்தார். பழைய வசனம் என்றால் பழைய உடைதான் என்று பார்வையாளர்கள் பழகிப்போனது இதற்குப் பிறகு.

அந்தப் பழக்கத்தை உடைத்தவர் பர்மிங்காம் ரெப்பர்டரி அரங்கை நிறுவிய பேரி ஜாக்சன். 1923இல் ‘சிம்பலின்’ நாடகத்தையும், 1925இல் லண்டன் கிங்ஸ்வே அரங்கில் ‘ஹேம்லெட்’டையும் நவீன உடையில் மேடையேற்றச் செய்தார். இரண்டையும் இயக்கியவர் எச். கே. அய்லிஃப். டென்மார்க் அரசவையினர் மாலை விருந்துக்கான கோட்டும் குட்டைப் பாவாடையுமாகச் சிகரெட் பிடித்தபடி நின்றார்கள். ‘ஹேம்லெட்’ பேசப்பட்டது, 1928இல் இதே முறையில் வந்த ‘மெக்பெத்’ எடுபடவில்லை. எல்லா நாடகமும் இந்த மாற்றத்தைத் தாங்காது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

1937இல் நியூயார்க் மெர்க்குரி அரங்கில் ஆர்சன் வெல்ஸ் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் பாசிசச் சீருடையில் நடத்தினார். வசனத்தை வெட்டிச் சுருக்கினாரே தவிர, இத்தாலியைப் பற்றியோ ஜெர்மனியைப் பற்றியோ ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. கறுப்புச் சட்டையும் மேல்நோக்கிப் பாய்ச்சிய விளக்கொளியும் அந்த நாடுகளை நினைவூட்டிவிட்டன. பழைய வசனத்தைப் புதிய அரசியலுக்குப் பயன்படுத்தலாம், அதற்கு வசனத்தில் கைவைக்கத் தேவையில்லை என்பதை இந்த நாடகம் காட்டியது. பின்னாளில் வந்த படங்கள் பலவற்றுக்கும் இதுவே முன்மாதிரி.

திரையில் முதல் முயற்சிகள்

மௌனப் பட காலத்தில் வசனத்தைக் காக்கும் கேள்வியே எழவில்லை. பேசும்படம் வந்தபின் எடுக்கப்பட்ட ஷேக்ஸ்பியர் படங்கள் நெடுங்காலம் கோட்டையும் கவசமுமாகவே இருந்தன. விதிவிலக்காக, 1964இல் ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த ‘ஹேம்லெட்’ நாடகம் நியூயார்க் மேடையிலிருந்தே படம்பிடிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்டது. ஒத்திகைக்கு வருவதுபோன்ற சாதாரண உடையில் நடிகர்கள் நடிக்க வேண்டும் என்பது இயக்குநர் ஜான் கீல்குட்டின் திட்டம். ஆனால் அது மேடையின் பதிவு. கதை நடக்கும் ஊர் எதுவும் அதில் காட்டப்படவில்லை.

டெரிக் ஜார்மன் 1991இல் எடுத்த ‘எட்வர்ட் II’ இந்த எல்லையைத் தாண்டியது. ஷேக்ஸ்பியரின் சமகாலத்தவரான கிறிஸ்டோபர் மார்லோவின் நாடகம் அது. தன் ஆண் துணைவன் கேவஸ்டன்மீது கொண்ட காதலால் அரசை இழக்கும் மன்னனின் கதை. ஓரினச்சேர்க்கையை உள்ளாட்சி அமைப்புகள் ஊக்குவிக்கக் கூடாது என்று பிரிட்டன் 1988இல் சட்டம் இயற்றியிருந்த காலம். ஜார்மன் மன்னனின் எதிரிகளுக்குக் கோட்டு சூட்டு அணிவித்தார். மன்னன் பக்கம் போரிடுபவர்களாக, பதாகை ஏந்திய உண்மையான உரிமைப் போராளிகளையே நிறுத்தினார். எதிரில் கலவரத் தடுப்புக் கேடயங்களுடன் போலீஸ். பேச்சு மார்லோவுடையது, நடப்பது 1991இன் தெருச்சண்டை. அரசி இசபெல்லாவாக நடித்த டில்டா ஸ்விண்டனுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

அடுத்த ஆண்டு கிறிஸ்டின் எட்சார்ட் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தை லண்டனின் பாழடைந்த துறைமுகப் பகுதிக்குக் கொண்டுபோனார். அந்த நாடகத்தின் வசனம் ஆர்டன் காட்டின் மரங்களையும் மான்களையும் ஓயாமல் பேசும். திரையிலோ காலி மனையும் கிடங்குகளும். சொல்லும் காட்சியும் ஒன்றுக்கொன்று உதவாமல் போனதால் படம் எடுபடவில்லை.

1995 முதல் 2000 வரை

1989இல் கென்னத் பிரானாவின் ‘ஹென்றி V’ பெற்ற வெற்றி, ஷேக்ஸ்பியர் படத்துக்கு முதலீடு கிடைக்கும் சூழலை உண்டாக்கியது. கதைக்கும் வசனத்துக்கும் உரிமைத்தொகை கிடையாது என்பதும் தயாரிப்பாளர்களுக்கு வசதி. 1995 தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் இவ்வகையின் முக்கியமான மூன்று படங்கள் வந்தன.

முதலாவது, ரிச்சர்ட் லோன்கிரெய்ன் இயக்கிய ‘ரிச்சர்ட் III’ (1995). லண்டன் நேஷனல் தியேட்டரில் ரிச்சர்ட் ஐர் இயக்கிய நாடகத்திலிருந்து கிளைத்தது இது. மேடையிலும் திரையிலும் நாயகன் இயன் மெக்கெல்லன். 1930களில் இங்கிலாந்து பாசிசத்தின் கையில் சிக்கியிருந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனையில் படம் நடக்கிறது. நாடகத்தின் முதல் தனிமொழி இங்கே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வெற்றி விருந்தில் ஒலிபெருக்கி முன் நின்று ரிச்சர்ட் அதை வாழ்த்துரையாகத் தொடங்குகிறான்; கூட்டம் கைதட்டுகிறது. பேச்சு பாதியில் இருக்கும்போது காட்சி ஆண்கள் கழிப்பறைக்கு மாறுகிறது. தனியாக நின்று சிறுநீர் கழித்தபடி மீதியை முணுமுணுக்கிறான். கண்ணாடியில் நம்மைக் கண்டதும் கேமராவைப் பார்த்தே தன் சதியைச் சொல்கிறான். ஊருக்கான பேச்சு எது, உள்ளுக்குள் இருப்பது எது என்பதை ஒரு சொல்லும் சேர்க்காமல் இடமாற்றமே விளக்கிவிடுகிறது. அரசியின் குடும்பத்தினரை அரசவைப் பிரபுக்கள் வந்தேறிகளாக இகழ்வது நாடகத்தில் முக்கியமான செய்தி. படத்தில் அரசியாகவும் அவள் தம்பியாகவும் ஆனெட் பெனிங், ராபர்ட் டவுனி ஜூனியர் என்ற அமெரிக்க நடிகர்கள் வருவதால் அந்த இகழ்ச்சிக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. ராஜ்யத்தைக் கொடுத்துக் குதிரை கேட்கும் கடைசிப் போர்க்களம், ஜீப்பின் சக்கரம் சிக்கிச் சுழலும் இடமாக மாறியது.

இரண்டாவது, பாஸ் லூர்மனின் ‘ரோமியோ + ஜூலியட்’ (1996). கதை நடக்கும் வெரோனா பீச் என்ற கற்பனை நகரம் பெரும்பாலும் மெக்சிகோவில் படமாக்கப்பட்டது. தொடக்கக் கவிதையைத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் படிக்கிறார். நகரத்து இளவரசன் இங்கே போலீஸ் தலைவன். வசனத்தில் வரும் வாள் என்ற சொல்லுக்கு லூர்மன் குழு எளிய தீர்வு கண்டது: பாத்திரங்கள் ஏந்தும் கைத்துப்பாக்கிகளின் வணிகப்பெயர்களே வாள், குத்துவாள் என்று அவற்றின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் நடக்கும் முதல் சண்டையில் கேமரா அந்த எழுத்துகளை நெருங்கிக் காட்டிவிடுவதால் அதன்பின் குழப்பம் இல்லை. மூலத்தில் ரோமியோவுக்கான கடிதம் கொள்ளைநோய்த் தடையால் போய்ச் சேராது. படத்தில் அது கூரியர் தபால். ஆள் இல்லாததால் திரும்பிவிடுகிறது. கைபேசி பரவலாகாத காலம் என்பதால் இந்த மாற்றம் நம்பும்படி இருந்தது. லியோனார்டோ டிகாப்ரியோவும் கிளேர் டேன்ஸும் நடித்த இப்படம் சுமார் 1.45 கோடி டாலர் செலவில் உருவாகி, அதைப்போலப் பத்து மடங்கு வசூலித்தது. இளைஞர்கள் திரண்டு பார்த்தார்கள். ஆங்கில இலக்கிய வகுப்புகளிலும் இடம்பிடித்தது.

மூன்றாவது, மைக்கேல் ஆல்மெரேடாவின் ‘ஹேம்லெட்’ (2000). டென்மார்க் இங்கே ஒரு நிறுவனத்தின் பெயர். அதன் தலைமையகம் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உள்ளது. ஈதன் ஹாக் நடித்த ஹேம்லெட் வீடியோப் படம் எடுக்கும் இளைஞன். அரசனின் குற்றத்தை வெளிக்கொண்டுவர மூலத்தில் அவன் நாடகம் போடுவான்; இங்கே தானே தொகுத்த படத்தைத் திரையிடுகிறான். வாழ்வதா சாவதா என்று தயங்கும் தனிமொழியை வீடியோ வாடகைக் கடையின் அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டே பேசுகிறான்; சுற்றிலும் ‘ஆக்‌ஷன்’ என்ற பெயர்ப்பலகைகள். செயலில் இறங்க முடியாதவனைச் சூழ்ந்து அந்தச் சொல் நிற்பதே காட்சியின் குத்தல். அவன் காதலி ஒஃபீலியாவின் உடையில் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஹேம்லெட்டின் வசைமொழியில் ஒரு பகுதி அவள் வீட்டுத் தொலைபேசியில் பதிவான குரலாக வந்து சேர்கிறது.

போரும் செய்தியும்

2000க்குப் பின் வந்த படங்களில் வன்முறையின் களம் விரிந்தது. 2006இல் ஜெஃப்ரி ரைட் ‘மெக்பெத்’தை மெல்போர்ன் நகரப் போதைப்பொருள் கும்பல்களுக்கிடையே நிறுத்தினார், சூனியக்காரிகள் பள்ளிச் சீருடை அணிந்த சிறுமிகள்.

ரேல்ஃப் ஃபைன்ஸ் இயக்கி நடித்த ‘கோரியோலேனஸ்’ (2011) செர்பியாவில் படமானது. ரோம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஓர் இடம் என்ற அறிவிப்போடு படம் தொடங்குகிறது. பால்கன் போர்களின் நினைவு கலையாத தெருக்கள், உணவு கேட்டுத் திரளும் மக்கள், தோளில் கேமரா சுமந்த படப்பிடிப்பு. ஒளிப்பதிவாளர் பேரி அக்ராய்ட், ஈராக் போரைக் காட்டிய ‘த ஹர்ட் லாக்கர்’ படத்தில் பணியாற்றியவர். மூலத்தில் தூதர்களும் குடிமக்களும் கொண்டுவரும் செய்திகளைப் படத்தில் ஜான் ஸ்னோ என்ற உண்மையான தொலைக்காட்சிச் செய்தியாளரே வாசிக்கிறார். வாக்குக்காக மக்களிடம் பணிந்து நிற்க மறுக்கும் தளபதி வெடித்துச் சீறி நாடு கடத்தப்படும் காட்சி தொலைக்காட்சி அரங்கில் நடக்கிறது. மக்களின் முன்னால் நடிக்கத் தெரியாதவனின் வீழ்ச்சி என்ற கருவுக்கு அந்த இடம் மிகவும் பொருந்தியது.

குறைந்த செலவில் எடுத்த படங்களும் உண்டு. ஜாஸ் வீடன் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ (2012) படத்தைத் தம் வீட்டிலேயே, 12 நாட்களில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். மணப்பெண்ணின் கற்புமீது வீசப்படும் பழிதான் அந்த நாடகத்தின் முடிச்சு. இன்றைய கலிஃபோர்னியாவில் அது எளிதில் பொருந்தாது. நாடகத்தின் இன்னொரு ஜோடியான பெனடிக், பியாட்ரிஸ் இருவரின் சண்டைக்கு முன்கதையாக, ஓரிரவின் முடிவில் அவன் சொல்லாமல் வெளியேறுவதை வீடன் வசனமில்லாக் காட்சியாகச் சேர்த்தார். கறுப்பினப் பெண்ணை இழிவாகக் குறிப்பிடும் ஒரு வசனத்தையும் வெட்டவில்லை. அதைப் பேசும்போது அருகில் ஒரு கறுப்பினப் பெண் நிற்கும்படி அமைத்து, பேசுபவனின் அற்பத்தனம் தெரியும்படி செய்தார்.

பிரெஞ்சு மொழியிலும் இம்முறை உண்டு. கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழுவின் நடிகர்களைக் கொண்டு மத்தியூ அமல்ரிக் 2010இல் கொர்னெய்யின் 17ஆம் நூற்றாண்டு நாடகம் ‘லில்யூசியோன் கொமிக்’கைப் படமாக்கினார். கதை நடப்பது இன்றைய பாரிஸ் ஹோட்டல் ஒன்றில். மூலத்தில் காணாமற்போன மகனின் வாழ்க்கையைத் தந்தைக்கு மந்திரவாதி தன் குகையில் காட்டுவான். படத்தில் ஹோட்டல் ஊழியர் கண்காணிப்புக் கேமராத் திரைகளில் காட்டுகிறார். செய்யுள் கொர்னெய்யுடையதே. 2025இல் அனீல் காரியா இயக்கி ரிஸ் அகமது நடித்த ‘ஹேம்லெட்’, லண்டனில் வாழும் தெற்காசியத் தொழிலதிபர் குடும்பத்துக்குள் ஷேக்ஸ்பியரின் வசனத்தைக் கொண்டுவந்தது.

உத்திகளும் வரம்புகளும்

இப்படங்கள் வசனத்தை மாற்றுவதில்லை என்றாலும் தாராளமாகக் குறைக்கின்றன. ‘ஹேம்லெட்’ முழு வசனத்தையும் வைத்துக்கொண்ட பிரானாவின் 1996ஆம் ஆண்டுப் படம் நான்கு மணி நேரம் ஓடியது. ஆல்மெரேடாவின் படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மேடையில் சொல்லால் விவரிக்க வேண்டிய இடத்தையும் பொழுதையும் கேமரா காட்டிவிடுவதால் வர்ணனை அடிகள் முதலில் போகின்றன. தனிமொழி பின்னணிக் குரலாகவோ, வீடியோப் பதிவாகவோ, கேமராவை நோக்கிய பேச்சாகவோ ஆகிறது. தூதன் செய்தி வாசிப்பாளராகிறான். அரசவை நிறுவனமாகவோ குற்றக் கும்பலாகவோ ராணுவமாகவோ மாறுகிறது. ஒருவரின் சொல்லுக்குப் பலர் அடங்கி நடக்கும் அமைப்பு இன்றைய வாழ்வில் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அரசர்களைப் பற்றிய நாடகம் பொருந்துகிறது.

வரம்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வசனம் குறிக்கும் பொருளுக்கு ஈடான ஒன்றை இயக்குநர் கண்டுபிடித்த இடங்களில் பழைய மொழி அந்த உலகத்தின் இயல்பான பேச்சாகவே கேட்கிறது. துப்பாக்கியில் பொறித்த பெயர் அப்படி ஓர் ஈடு. எட்சார்டின் துறைமுகம் காட்டுக்கு ஈடாகவில்லை. உடனுக்குடன் செய்தி சேரும் கைபேசிக் காலத்தில், தவறிய கடிதத்தையும் ஆள் மாறாட்டத்தையும் நம்பி நிற்கும் நாடகங்களுக்கு அத்தகைய ஈடு கிடைப்பது 1996இல் இருந்ததைவிடக் கடினம். அதிகாரப் போட்டியையும் குடும்பத் துரோகத்தையும் பேசும் ‘ஹேம்லெட்’ போன்ற நாடகங்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு. 1925இல் பேரி ஜாக்சனில் தொடங்கி 2025 வரை அது திரும்பத் திரும்ப நவீன உடை அணிவதற்கு இதுவே முக்கியமான காரணம்.