கீறல் எங்கே போகிறது?

திருப்பூரிலிருந்து அவினாசிக்குச் செல்லும் சாலையில் அனுப்பர்பாளையம் இருக்கிறது. திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வருவதுபோல, அனுப்பர்பாளையம் என்றதும் கொங்கு நாட்டாருக்குப் பாத்திரம் நினைவுக்கு வரும். பித்தளையிலும் செம்பிலும் எவர்சில்வரிலும் குடங்களும் அண்டாக்களும் இங்குள்ள பட்டறைகளில் உருவாகின்றன. தகட்டை வெட்டி, தட்டி, பற்றவைத்து முடித்தபின் பாத்திரம் மங்கலாகவும் கீறல் விழுந்தும் இருக்கும். வேகமாகச் சுழலும் துணிச் சக்கரத்தில் பாலீஷ் மருந்தைத் தடவி, அதில் பாத்திரத்தை அழுத்திப் பிடித்தால் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு வந்துவிடுகிறது.

அப்படியானால் முன்பிருந்த கீறல்கள் எங்கே போயின? நிரம்பிவிட்டனவா? உருகி மூடிக்கொண்டனவா? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியை அறிவியலார் ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட விடை பாத்திரத்துக்கு மட்டுமன்றி, பிளாஸ்டிக் ஜன்னலுக்கும், பாலீஷ் தொழிலாளியின் நுரையீரலுக்கும்கூடத் தொடர்புடையது.

நியூட்டன் சொன்னது

ஐசக் நியூட்டன் 1668இல் அமைத்த தொலைநோக்கியில் இருந்த ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து வார்த்த உலோகம் அது. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இந்த ஆடியைத் தம் கையாலேயே தேய்த்து மெருகேற்றியவர் நியூட்டன். 1704இல் வெளியான 'ஆப்டிக்ஸ்' என்ற நூலில் அவர் தந்த விளக்கம் இதுதான்: பொடியின் துகள் சிறுத்தால் அது உண்டாக்கும் கீறலும் சிறுக்கும். மெருகு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்ட கீறல்களே.

இதை இன்றைய அறிவைக் கொண்டு இன்னும் தெளிவாகச் சொல்லலாம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் 4 முதல் 7 பங்கு வரை இருக்கும். மேடுபள்ளங்கள் இந்த அளவை எட்டினாலோ மிஞ்சினாலோ ஒளி நாற்புறமும் சிதறும். பரப்பு மங்கலாகத் தெரியும். அதைவிட மிகச் சிறியவையாகிவிட்டால் ஒளி ஒழுங்காகத் திரும்பும், பரப்பு பளபளக்கும்.

பில்பியின் 'தோல்'

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பில்பி என்ற பிரிட்டிஷ் வேதியியலார் வேறொரு கருத்தைக் கூறினார். மெருகேறிய உலோகத்தின் மீது அமிலத்தை ஊற்றினால் மறைந்துபோன பழைய கீறல்கள் மீண்டும் தலைகாட்டுவதை அவர் கண்டார். எனவே கீறல்கள் அழியவில்லை. உலோகம் குழம்புபோல் ஓடி, படிக அமைப்பு இல்லாத ஒரு தோலாகப் படர்ந்து அவற்றை மூடியிருக்கிறது என்றார். 1921இல் அவர் எழுதிய நூலுக்குப் பின் இக்கருத்து வேரூன்றியது.

1937இல் பௌடன், ஹியூஸ் ஆகிய இருவர் நமக்கு நன்கு தெரிந்த கற்பூரத்தைக் கொண்டு சோதித்தனர். கற்பூரம் சுமார் 178 டிகிரி செல்சியஸில் உருகும். சுமார் 70 டிகிரியில் உருகிவிடும் 'உட் உலோகம்' என்ற கலவைக்கு அது மெருகு ஏற்றியது. 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்துக்கு ஏற்றவில்லை. இரண்டுமே கற்பூரத்தைவிடக் கடினமானவை. ஆகவே கடினத்தைவிட உருகுநிலையே முக்கியம், உராய்வின் வெப்பம்தான் மெருகைத் தருகிறது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

1950களில் ஆஸ்திரேலிய உலோகவியலார் லெனார்ட் சாமுவெல்ஸ் இச்சிக்கலை அவிழ்த்தார். கீறல் விழும்போது அதன் அடியிலுள்ள உலோகமும் நசுங்கிப் பழுதாகிறது. மேற்பரப்பு தேய்ந்து கீறல் போய்விட்டாலும் அந்தப் பழுது கீழே தங்குகிறது. அமிலம் பழுதான இடத்தை விரைவாக அரிப்பதால் பழைய கோடு மீண்டும் தெரிகிறது. மூடியிருக்கும் தோல் என்று ஒன்றும் அங்கு இல்லை. மெருகுப் பொடியின் ஒவ்வொரு துகளும் உளிபோல் நுண்ணிய சீவலை வெட்டி எடுக்கிறது. உலோகத்தைப் பொறுத்தவரை நியூட்டன் சொன்னதே சரி என்றாயிற்று.

பிளாஸ்டிக் ஜன்னல்

1930களில் அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களில் சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்குமேல் கவிந்த மூடி இதனால் ஆனதே. இன்று மேலை நாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்ற உதவும் கேரவன் வண்டிகளின் ஜன்னல்களும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். எடை குறைவு, ஆனால் கண்ணாடியைவிட எளிதில் கீறல் விழும்.

பித்தளைக்கு மெருகேற்றும் அதே வேகத்தில் இதைச் சக்கரத்தில் பிடித்தால் என்ன ஆகும்? பித்தளை வெப்பத்தை அக்ரிலிக்கைப்போல் சுமார் 500 மடங்கு நன்றாகக் கடத்தும். உருகுவதற்கும் 900 டிகிரி வேண்டும். அக்ரிலிக்கிலோ வெப்பம் தேய்த்த இடத்திலேயே தேங்கும். சுமார் 105 டிகிரியில் அது இளகிவிடும். உலோகத்தில் நிகழாத குழைவு இங்கே உண்மையிலேயே நிகழ்ந்து ஜன்னலைக் கெடுக்கும்.

எனவே ஆழமான கீறலை நீக்கக் கையும் தண்ணீருமே ஏற்றவை. 600ஆம் எண் நீர்த்தாளில் தொடங்கி 1000, 2000 என்று நுண்மையை நோக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காகத் தேய்த்தால், முந்தைய கோடுகள் மறைந்ததும் அடுத்த தாளுக்குப் போகலாம். முடிவில் பிளாஸ்டிக்கிற்கான பாலீஷைத் தூய பருத்தித் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். நைந்த பனியன் துணி இதற்கு நன்கு பயன்படும். பெட்ரோலும் தின்னரும் கூடவே கூடா. அவை பட்டால் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும்.

வெட்டிய சீவல்

இனி நம் தலைப்புக் கேள்விக்கு வருவோம். கீறலைச் சுற்றியுள்ள பரப்பு, கீறலின் அடிமட்டம் வரை சீவப்படுகிறது. சீவிய பொருள் தூசியாகப் பறக்கிறது. பில்பி சொன்னதுபோல் உலோகம் ஓடி மூடிக்கொள்வதாயின் தூசி பிறக்க வேண்டியதில்லை. வெட்டுகிறது என்பதால் பிறந்தே தீரும். எவர்சில்வரின் தூசியில் இரும்போடு குரோமியமும் நிக்கலும் உண்டு. துணிச் சக்கரத்தின் பஞ்சும் மருந்தின் பொடியும் அதோடு சேரும்.

எவர்சில்வருக்கு மூலமான துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கிய ஷெஃபீல்டு நகரில், அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே இத்தூசியின் கொடுமை எழுதப்பட்டுவிட்டது. முள்கரண்டிகளைத் தண்ணீரின்றிச் சாணையில் தீட்டிய தொழிலாளர் பலர், சாணைக்கல்லின் மணல்தூசியால் நுரையீரல் கெட்டு 40 வயதை எட்டாமலே மடிந்ததை மருத்துவர் கால்வர்ட் ஹாலண்டு 1843இல் விளக்கினார். நம் நாட்டில் 1948இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், தூசி பிறக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே அதை உறிஞ்சி அகற்ற வேண்டும் என்று 14ஆம் பிரிவில் வகுத்தது.

ஜன்னலைத் தேய்ப்பவருக்குத் தண்ணீரே தூசியை அடக்கிவிடும். பாலீஷ் பட்டறையில் தண்ணீர் விட்டு வேலை செய்ய இயலாது. அங்கே சக்கரத்தை ஒட்டி உறிஞ்சு குழாயும், தொழிலாளிக்குத் தக்க முகக் கவசமும் வேண்டும். கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டால் போதாது; நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் நுண்துகள்கள் அதன் இழைகளுக்கிடையே எளிதில் புகுந்துவிடும்.