குளிருக்கு முன்னே வெந்நீர்

ஆண்டு முழுவதும் பச்சைக் காய் கொய்யும் வெப்பநாட்டவராகிய நமக்கு மாரிகாலம் என்றவுடன் மழையே நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடபுலங்களிலும் வாழும் குடியானவனுக்கு அச்சொல் தரும் பொருள் வேறு. கார்த்திகை பிறக்குமுன்னரே அவனுடைய தோட்டம் உறைபனியிற் கருகிவிடும். சித்திரை வரையில் மண்ணிலிருந்து ஓர் இலையும் எழாது. கோடையில் உண்டு தீராமல் மிகுந்த போஞ்சியையும் பட்டாணியையும் தை மாதத்து உணவுக்கு எவ்வாறு கொண்டு சேர்ப்பது? அந்நாட்டுக் குடும்பப் பெண்களை நூற்றாண்டுகளாக வருத்திய வினா இது. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று, காய்கறிகளை வீட்டிலேயே உறையவைத்தல். அம்முறை பிறந்து வளர்ந்த வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

முற்காலத்தோர் கிழங்குகளை நிலவறை மணலிற் புதைத்தனர், பட்டாணியை உலர்த்தினர், கோவாவை உப்பிட்டுப் புளிக்கவைத்தனர். 1810ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர் என்பவர், உணவைப் போத்தலில் இட்டு, வாயை இறுக அடைத்து, கொதிநீரில் வேகவைத்துக் காக்கும் முறையை நூலாக வெளியிட்டார். 1858இல் ஜோன் மேசன் என்னும் அமெரிக்கர் திருகுமூடிக் கண்ணாடிச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் இம்முறை வீடுகளிலும் பரவலாயிற்று.

ஆயினும், அதில் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் சாதாரணக் கொதிநீரில் அழிவதில்லை. புளிப்பற்ற காய்கறியைப் போதிய வெப்பமின்றி அடைத்துவிட்டால், அவ்வுயிர் சாடிக்குள்ளே கொடிய நஞ்சைச் சுரக்கும். அன்போடு அடைத்துவைத்த ஒரு சாடிப் போஞ்சியே குடும்பத்தை மாய்த்துவிடக்கூடும். அவ்வாறு மாண்டோரும் உளர். ஆகவே, வேறொரு வழியின் தேவை வெறும் நாவின் சுவையை மட்டும் பற்றியதன்று.

குளிரில் உணவு கெடாதென்பது பழைய அறிவே. ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிசு பேக்கன், கோழியின் வயிற்றிற் பனியை அடைத்துச் சோதனை செய்கையில் குளிர்கண்டு, 1626இல் உயிர்நீத்தார் என்று யோன் ஓபிரி எழுதிவைத்துள்ளார். அக்கதையின் உண்மையை ஐயுறுவோரும் உண்டு. ஆனால், காயையோ மீனையோ மெல்ல உறையவிட்டவர் யாவரும் ஒரு குறையைக் கண்டனர். உருகியபின் அது நீர் வடிந்து, துவண்டு, சுவையிழந்து கிடந்தது.

இக்குறைக்குக் காரணம் விளங்கியது கனடாவின் கீழைக்கரையிலுள்ள லாபிரடோரில். உரோமத்தோல் வாணிகத்தின்பொருட்டு 1912இல் அங்குச் சென்றார் கிளாரன்சு பேர்ட்சை என்னும் அமெரிக்கர். உறைநிலைக்கு மிகவும் கீழ்ப்பட்ட கடுங்குளிரில், பனிக்கட்டியைத் துளைத்து இனுவிட் மக்கள் பிடித்த மீன், வெளியே எடுத்த சில கணங்களிலேயே கல்லாயிற்று. மாதங்கள் கழித்து உருக்கியபோதோ அன்று பிடித்ததுபோல் இருந்தது. மெல்ல உறைந்தால் பெரும் பனிப்பளிங்குகள் தோன்றி உயிரணுக்களின் சுவரைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் பளிங்குகள் சிறியனவாகிச் சேதமும் குறையும். இதனை உணர்ந்த பேர்ட்சை, கோவா இலைகளையும் உப்புநீர்ப் பீப்பாயில் இட்டு உறையவைத்துப் பார்த்தார். 1924இல் மசசூசெற்சு மாநிலத்துக் குளொசுற்றர் நகரிலே தொழில் தொடங்கினார். 1929இல் அத்தொழிலும் காப்புரிமைகளும் 2 கோடியே 20 இலட்சம் டொலருக்கு விலைபோயின. 1930 மார்ச்சு 6ஆம் நாள், அதே மாநிலத்துச் சிபிறிங்பீல்டு நகரின் 18 கடைகளில் உறைந்த பட்டாணியும் கீரையும் விற்பனைக்கு வந்தன. பனிநிலத்து வேட்டுவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்ததற்கு எவரும் அவர்களுக்குக் காப்புரிமை வழங்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

விரைவு மட்டும் போதுமாயின் நம் வரலாறு இங்கேயே முடிந்திருக்கும். மீனுக்குப் போதுமானது காய்கறிக்குப் போதவில்லை. பச்சையாக உறைந்த போஞ்சி, சில வாரங்களில் நிறம் மங்கி, உலர்ந்த வைக்கோல் மணத்தது. கொடியிலிருந்து கொய்த பின்னும் காயின் உயிர்ச்செயல் உடனே ஓய்வதில்லை. அதனை முற்றவைக்கும் நொதியங்கள் கடுங்குளிரிலும் மெல்லமெல்லத் தொழிற்படுகின்றன. குளிர் அவற்றைத் தூங்கவைக்குமேயன்றிக் கொல்லாது; கொல்வது வெப்பம். உறையவைக்குமுன் காயைச் சிறிதுபொழுது கொதிநீரிலோ ஆவியிலோ இடவேண்டும் என்பதை, 1920களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூசு, ஜோசிலின் முதலிய ஆய்வாளர் வலியுறுத்தினர். குளிரின் வெற்றிக்கு வெந்நீரே வாயிலாயிற்று.

இனி, இவ்வறிவு வீடு சென்ற கதை. 1935இல் உரூசுவெல்ற்று அரசு கிராம மின்வசதி நிருவாகத்தை நிறுவியபோது, அமெரிக்கப் பண்ணைகளுள் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் சிறு பனியறையோ நெடுநாட் சேமிப்புக்கு ஏற்ற குளிரைத் தரவில்லை. ஆகவே ஊர்தோறும் பொதுக் குளிர்க்கிடங்குகள் எழுந்தன. குடியானவர் வாடகைக்கு ஒரு பெட்டகம் எடுத்துத் தம் இறைச்சியையும் காய்கறியையும் அதில் வைத்தனர். 1942இல் மலாயா யப்பானியர் வசமானதும் வெள்ளீயம் அரிதாயிற்று. 1943 மார்ச்சில் தகரத்திலடைத்த உணவுக்குப் பங்கீடு வந்தது. அவ்வாண்டில் ஏறக்குறைய 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் பயிரிடப்பட்டன என்று கணக்கிட்டனர். விளைந்ததைக் காக்கும் முறைகளையும் மக்கள் ஆர்வத்தோடு கற்றனர். போர் முடிந்தபின் வீட்டு உறைபெட்டிகள் சந்தைக்கு வந்தன. 1950களின் தொடக்கத்தில் பத்துப் பண்ணைகளுள் ஏறக்குறைய ஒன்பது மின்னொளி பெற்றிருந்தன. மூன்று கல் தொலைவிலிருந்த பெட்டகம் சமையலறைக்குள் வந்தது எனலாம்.

அன்று வகுத்த முறையே இன்றும் அடிப்படையாக உள்ளது. இளங்காயைக் கொய்த அன்றே கழுவி நறுக்கவேண்டும். ஓர் இறாத்தல் காய்க்கு ஒரு கலன் கொதிநீர் வேண்டும். போஞ்சிக்கு 3 நிமிடம், பச்சைப் பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம். குறைந்தால் நொதியம் பிழைக்கும். மிகுந்தால் காய் குழையும். எடுத்தவுடன் பனிநீரில் ஆறவைத்து, நீரை வடித்து, காற்று இயன்றவரை நீங்கப் பொதிந்து, உறைநிலைக்குக் கீழே செல்சியசு 18 பாகையில் வைத்தால், எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை அதன் நலம் பெரிதும் குன்றாது. வெள்ளரியும் சலாதுக் கீரையும் இதற்கு ஏலா. அவற்றின் நீர்மிகுந்த உடல் உருகியதும் துவண்டுவிடும்.

உறைபெட்டி எந்தக் காயையும் மேலானதாக்குவதில்லை. முற்றிய காயை வைத்தால் முற்றிய காயையே அது திருப்பித் தரும். நுண்ணுயிர்கள் பலவும் குளிரில் மாளாது உறங்கி, உருகியபின் மீண்டும் எழுவன. குளிர் காலத்தைக் கட்டிப்போடுவதில்லை. சிறிது தவணை வாங்கித் தருகின்றது, அவ்வளவே. அத்தவணைக்கு வேட்டுவரின் பழகிய அறிவும், ஆய்வுகூடத்தின் சோதனையும், கிராமத்துக்கு வந்த மின்கம்பியும் ஒருங்கே வேண்டியிருந்தன. எனினும், அடுப்பருகே கடிகாரத்தை நோக்கி மூன்று நிமிடம் காத்துநின்ற பெண்ணின் கவனம் இல்லையேல், அவை மூன்றும் பயனற்றுப் போயிருக்கும். பனி சன்னலை மூடிய தை மாதத்தில் அவள் பரிமாறிய பச்சைப் போஞ்சி, கோடையில் அவள் செய்த உழைப்பின் பலனேயாகும்.