அளவுநாடாவும் மான்கொம்பும்

வட அமெரிக்காவில் வேட்டையாடப்படும் வெண்வால் மான்களுள் மிகச் சிலவே வெற்றிச்சின்னம், அதாவது வேட்டைக்காரர் வழக்கில் ‘டிராபி’, என்னும் தகுதியைப் பெறுகின்றன. உடலின் எடையன்று, கொம்பே அத்தகுதியைத் தருகிறது. மாட்டுக்கொம்பைப் போல வாழ்நாள் முழுதும் நிலைக்காமல், ஆண்டுதோறும் உதிர்ந்து, மென்மயிர் படர்ந்த தோலுக்கடியில் புதிதாக வளரும் எலும்பாகிய மான்கொம்பு, முதிர்ந்த வயதும் நல்ல மேய்ச்சலும் மரபும் ஒருங்கே வாய்த்த ஆண்மானிடமே முழு உருவம் கொள்கிறது.

கொம்புகளை அளந்து பதியும் வழக்கத்தை, இலண்டனில் விலங்குகளைப் பாடம்செய்து வந்த ரோலண்ட் வார்டு 1892-இல் வெளியிட்ட அளவேடு பரப்பியது. அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் முன்னின்று நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் இப்பணியில் இறங்கிய காலத்தில், சந்தைக்காக நடந்த கட்டற்ற வேட்டையால் பெருவிலங்குகள் அருகிக்கொண்டிருந்தன. அவை அற்றுப்போகும் முன் தலைகளையேனும் காத்துவைக்க வேண்டும் என்று வில்லியம் ஹார்னடே நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு தொகுப்பை உருவாக்கினார். இன்று பெருமைப் போட்டியாகத் தோன்றும் இவ்வளவீட்டின் பின்னே, தொடக்கத்தில், இழப்பைக் குறித்த உண்மையான அச்சம் இருந்தது.

கழகத்தின் 1932-ஆம் ஆண்டுப் பதிவேடு ஓரிரு அளவுகளையே நம்பியிருந்தது. சாமுவேல் வெப் தலைமையிலான குழு வகுத்து 1950-இல் ஏற்கப்பட்ட முறையோ மிக நுணுக்கமானது: கொம்பு குறைந்தது 60 நாள் காற்றில் உலர்ந்த பின்னர், முதன்மைத் தண்டுகளின் நீளம், கிளைகளின் நீளம், ஒவ்வொரு தண்டிலும் நான்கு இடங்களின் சுற்றளவு, தண்டுகளுக்கு இடைப்பட்ட உள்ளகலம் ஆகியவற்றை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை கணக்கிட்டுக் கூட்டி, இடக்கொம்பும் வலக்கொம்பும் வேறுபடும் அளவைக் கழிப்பர். ஒழுங்கான கொம்புக்கு 170 புள்ளிகள், முறைமாறிக் கிளைத்த கொம்புக்கு 195 புள்ளிகள் என்பவை நிலையான பதிவேட்டில் இடம்பெறுவதற்கான வரம்புகள். விலங்கு தன் உடலை வருத்தி வளர்த்த எலும்பை, இருபுறமும் ஒத்திருக்கவில்லை என்பதற்காகக் குறைத்து மதிப்பது மனிதக் கண்ணின் விருப்பமேயன்றி இயற்கையின் நியதி அன்று. இம்முறையின் பலவீனமான பகுதி இதுவே. தப்பிச்செல்ல வழியின்றி வேலிக்குள் அடைபட்ட மானை ஏற்க மறுக்கும் ‘நேர்மையான வேட்டை’ விதியோ அதன் தலைசிறந்த பகுதி.

ஜேம்ஸ் ஜோர்டன் 1914-இல் விஸ்கான்சினில் வீழ்த்திய மானின் தலை, பாடம்செய்யக் கொடுத்த இடத்திலிருந்து அவர் கைக்குத் திரும்பாமலே போயிற்று. பல பத்தாண்டுகளுக்குப் பின் வேறொருவரிடம் வெளிப்பட்டு அளக்கப்பட்டபோதுதான், 206 1/8 புள்ளிகளுடன் அது ஒழுங்கான கொம்பு வகையில் உலகச் சாதனை எனத் தெரியவந்தது. அதனை வீழ்த்தியவர் ஜோர்டனே என்று 1978-இல் கழகம் ஏற்றபோது அவர் உயிரோடு இல்லை. அச்சாதனையை, கனடாவின் சஸ்காட்செவனில் மைலோ ஹான்சன் 1993-இல் வேட்டையாடிய மான் 213 5/8 புள்ளிகளால் முறியடித்தது.